பள்ளியில் படிக்கும் பழைய நாடகங்கள் உண்மையிலேயே அவ்வளவு உசத்தியா?

பெரும்பாலும் ஆம், எல்லாம் இல்லை. செவ்வியல் நாடகம் என்றால், எழுதியவர் காலம் போன பிறகும் ஜனங்கள் தேடிவந்து பார்க்கும் நாடகம், அவ்வளவுதான். வகுப்பில் அது கசப்பதற்குக் காரணம், வாய்க்கும் காதுக்கும் எழுதியதைக் கண்ணால் மட்டும் படித்து, அருஞ்சொற்பொருளும் ஐந்து மார்க் கேள்வியுமாக நறுக்கிவிடுகிறோம். மீன் குழம்பின் செய்முறையை மனப்பாடம் செய்தவனிடம் ருசி எப்படி என்று கேட்கிற மாதிரி.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1922இல் புதுச்சேரியில்தான் காலமானார்) வள்ளி திருமணத்தைப் புத்தகமாகப் புரட்டினால் சப்பென்று இருக்கலாம். மேடையில் ஆர்மோனியத்தோடு வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ண ஆரம்பித்துவிட்டால், தூங்கவந்த கிழவர்கூட பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

1891இல் வெளியான மனோன்மணீயம் வேறு ரகம். மேடையைவிடப் படிப்பதற்கே பொருத்தமானது, கதையும் லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையைத் தழுவியது. அதன் புகழில் பாதி, கடலூர்ப் பள்ளிகளில் தினமும் பாடும் 'நீராருங் கடலுடுத்த'வால் வந்தது என்பேன் (ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் பாரதிதாசன் பாட்டு).

அப்புறம், இதெல்லாம் பிடிக்காதவருக்கு ரசனை இல்லை என்று சொல்வது தப்பு, அவர் படித்தது பெரும்பாலும் நோட்ஸைத்தான்.