சம்பளம் கேட்டு எழுதிய கடிதம்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் இசைக் கல்லூரியில் ஒரு பெண், ஆண் பேராசிரியர்களுக்கு இணையான சம்பளத்தைக் கேட்டுப் பெற்றாராமே, அவர் யார்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அவர் லூயீஸ் ஃபராங்க். 1804-இல் பாரிஸில் சிற்பிகளின் குடும்பத்தில் பிறந்தவர். இசை இயற்றும் வகுப்பில் அக்காலத்தில் பெண்களுக்கு இடமில்லாததால், அக்கல்லூரியின் ஆசிரியரான அன்டோன் ரைகாவிடம் தனியாகப் பயின்றார். பதினேழு வயதில் புல்லாங்குழல் கலைஞர் அரிஸ்தீத் ஃபராங்கை மணந்தார். கணவர் இசைப் பதிப்பகம் தொடங்கி, மனைவியின் படைப்புகளையும் வெளியிட்டார். எந்த வகுப்பில் சேர முடியாமல் போனதோ அதே கல்லூரியில் 1842-இல் பியானோ பேராசிரியையாக அமர்ந்தாலும், சம்பளம் மட்டும் ஆண்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

1850-இல் ஒன்பது கருவிகளுக்காக அவர் இயற்றிய ‘நோனெட்’ அரங்கேறி, இளம் வயலின் கலைஞர் யோசெப் யோவாகிமும் அதில் வாசித்து, பெரும் பாராட்டுப் பெற்றது. அந்த ஆண்டிலேயே கல்லூரி இயக்குநர் ஒபேருக்கு ஃபராங்க் கடிதம் எழுதினார். தமக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தால், ஒப்படைத்த பணியை அக்கறையோடு செய்யவில்லை என்றல்லவா பிறர் நினைக்கக்கூடும் என்பது அவருடைய வாதம். இரக்கத்தைக் கோராமல் நற்பெயரை முன்வைத்த சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. கேட்டது கிடைத்தது.

கேள்வி: அத்தகையவரைப் பின்னர் உலகம் மறந்தது ஏன்? (அதே வாசகி)

பதில்: அன்றைய பாரிஸில் இசையமைப்பாளருக்குப் புகழ் தேடித் தந்தது ஆப்பெரா எனும் இசை நாடகம். அவரோ ஓர் ஆப்பெராவும் எழுதாமல், பெரிய இசைக்குழுவுக்கான மூன்று சிம்பொனிகளையும் சிறு குழுக்களுக்கான இசையையுமே இயற்றினார். மூன்றாவது சிம்பொனியை 1849-இல் கல்லூரியின் புகழ்பெற்ற இசைக்குழுவே வாசித்தது என்றாலும், அந்நகரத்து ரசனை நாடக அரங்கின் பக்கமே சாய்ந்திருந்தது. பெண் என்பதும் காரணம்தான். ஆனால் அதை மட்டுமே சொன்னால் பாதிக் கதைதான்.

வீட்டிலும் இடி விழுந்தது. தாயிடமே பயின்று பியானோ கலைஞரான ஒரே மகள் விக்தோரின் 1859-இல் இறந்தார். அதன்பின் ஃபராங்கின் உழைப்பு பெரும்பாலும் பியானோ போன்ற விசைக்கருவிகளுக்கான பழைய இசையைத் திரட்டுவதிலேயே சென்றது. கணவருடன் 1861-இல் தொடங்கிய அத்தொகுப்பை, 1865-இல் அவரும் மறைந்தபின் தனியாகவே தொடர்ந்து, 1874-இல் இருபத்து மூன்று தொகுதிகளாக நிறைவு செய்தார். மறு ஆண்டு காலமானார்.