ஹாமெட்டா, சாண்ட்லரா: ஹார்ட்பாயில்டு நாவல்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஹார்ட்பாயில்டு எனப்படும், உணர்ச்சியை வெளிக்காட்டாத முரட்டுத் துப்பறிவாளர்களைப் பற்றிய அமெரிக்க நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்?

பதில்: டாஷியல் ஹாமெட்டின் ‘த மால்டீஸ் ஃபால்கன்’ (1930). திரைப்படத்தை முன்னதாகப் பார்த்துவிடாதீர்கள். நாவலின் துப்பறிவாளன் சாம் ஸ்பேடு ஆறடி உயரமும் வெளிர்பழுப்புத் தலைமுடியும் கொண்டவன்; படத்தில் அவனாக நடித்த ஹம்ப்ரி போகார்ட்டின் முகம் மனத்தில் பதிந்துவிட்டால் அவன் கண்ணுக்கு அகப்படமாட்டான்.

கேள்வி: நடையழகில் ரேமண்ட் சாண்ட்லரை விஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். தங்களுக்கு ஏன் ஹாமெட்?

பதில்: சாண்ட்லரின் துப்பறிவாளன் மார்லோ தன் கதையைத் தானே சொல்பவன், எதையும் ஓர் உவமையோடுதான் சொல்வான், அதில் அவன் மனமும் வெளிப்பட்டுவிடும். ஹாமெட்டோ ஸ்பேடின் மனத்துக்குள் நுழைவதேயில்லை. கூட்டாளி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி இரவில் தொலைபேசியில் வருகிறது. ஸ்பேடு கட்டில் விளிம்பில் வெறுங்காலோடு உட்கார்ந்து, தொலைபேசியை முறைத்தபடியே, பழுப்புத் தாளில் புகையிலையைப் பரப்பி, நடுவில் லேசாகப் பள்ளம் விட்டு, சிகரெட் சுருட்டுகிறான். வருந்துகிறானா, கணக்குப் போடுகிறானா என்று ஆசிரியர் சொல்வதில்லை. இறந்தவனின் மனைவியோடு அவனுக்கு உறவு இருந்தது பின்னர் தெரியவரும்போது, அந்த விரல்களின் நிதானமே நம்மை உறுத்தத் தொடங்குகிறது. ஹாமெட் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கண்டதை மட்டும் எழுதும் பழக்கம் அங்கே படிந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கேள்வி: மறுக்கிறேன், ஐயா. லாஸ் ஏஞ்சலிஸின் பணக்கார வீடுகளைச் சாண்ட்லரைப்போல் காட்டியவர் யார்?

பதில்: அதில் அவருக்கு இணையில்லை. ‘த பிக் ஸ்லீப்’ (1939) தொடக்கத்தில், ஆர்க்கிட் செடிகளுக்கான கண்ணாடிக் கூடத்தின் புழுக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் முதிய தளபதி, தம்மால் குடிக்க முடியாத பிராந்தியை மார்லோ குடிப்பதை ஆசையோடு பார்க்கிறார். அந்த ஒரு காட்சியே போதும். ஆனால் ‘பிளாக் மாஸ்க்’ இதழில் வந்த தம் பழைய கதைகளை ஒட்டி எழுதியதால் கதைக்கட்டில் தையல் தெரிகிறது.

கேள்வி: அந்த நாவலில் கார் ஓட்டுநரைக் கொன்றது யார்?

பதில்: படமெடுத்தவர்கள் கேட்டபோது, சாண்ட்லரே தமக்குத் தெரியாது என்றாராம்.

கேள்வி: புதிய வாசகர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், படம் பற்றிய எச்சரிக்கை உட்பட.

கேள்வி: அகதா கிறிஸ்டியில் எது சிறந்தது?

பதில்: அது வேறு மரபு, அதில் ஊறியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சாண்ட்லரை விடுவதாயில்லை. ‘த லாங் குட்பை’யிலும் (1953) தையல் தெரிகிறதா?

பதில்: தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை. சேர்ந்து கிம்லெட் என்ற மதுக்கலவையைக் குடித்த நண்பனுக்காக மார்லோ காவலில் அடிபட்டும் வாய் திறப்பதில்லை. அங்கே சாண்ட்லர் ஹாமெட்டின் பக்கம் வந்துவிடுகிறார் என்பேன், நீங்கள் ஒப்பமாட்டீர்கள். 1973இல் வந்த படத்தை மட்டும் நாவலுக்குப் பிறகு பாருங்கள், முடிவையே மாற்றியிருக்கிறார்கள்.