ஓடும்போது மட்டும் வயது தெரிகிறதே!

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 54. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று டிரையத்லான் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சைக்கிளில் முப்பது வயதுப் பையன்களோடு சரிக்குச் சரி போகிறேன், ஓட்டத்தில் மட்டும் மூன்றாவது கிலோமீட்டரிலேயே கால் ஒத்துழைப்பதில்லை. வயதுதான் காரணமா? இன்னொன்று, நிமிடத்துக்கு இதயம் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கலாம் என்று பார்க்க 220-இல் வயதைக் கழித்தால் 166 வருகிறது. என் கைக்கடிகாரமோ ஓட்டத்தில் 172 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: வயதும் ஒரு காரணம்தான், மழுப்பப் போவதில்லை. ஆனால் உங்களைக் கவிழ்ப்பது அந்தச் சைக்கிள் சந்தோஷம். வயது மூன்றிலும் ஒரே அளவு கைவைப்பதில்லை. டிரையத்லான் முடிவுகளை வயதுப் பிரிவு வாரியாகப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, ஓட்டம் தேய்கிற அளவுக்குச் சைக்கிள் தேய்வதில்லை என்பதுதான். சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது, தரையில் மோதும் அதிர்ச்சியும் கிடையாது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே பாரத்தை வாங்க வேண்டும், வயது ஏற ஏற அடிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்க ஒவ்வோர் அடியின் நீளமும் சுருங்குகிறது. ஆகவே சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் மேலான பொழுதில் ‘நாம் இன்னும் இளசுதான்’ என்று ஒரு நினைப்பு வருகிறது பாருங்கள், அங்கேதான் கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிட்டு ஓட்டத்துக்குக் கடனாளியாக இறங்குகிறீர்கள்.

தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் சாலையில் மிதித்திருப்பீர்கள். அந்த மேட்டில் பையன்கள் எழுந்து நின்று மிதிப்பார்கள். விடுங்கள், போகட்டும். திடீரென்று முறுக்கும் ஒவ்வொரு முறையும் தசையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு மளமளவென்று கரையும், வயது முதலில் மெலிய வைப்பதும் அப்படி முறுக்குவதற்கான வேகத் தசை இழைகளைத்தான். மேடானாலும் சமதளமானாலும் மிதிக்கும் அழுத்தம் ஒன்றுபோல இருக்கட்டும், மூன்று நான்கு சொல் சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் கியரைக் குறையுங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் இன்னும் லேசாக. ஓட்டத்தின் முதல் இரண்டு கிலோமீட்டரை நீங்கள் நினைத்திருக்கும் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பதினைந்து இருபது வினாடி மெதுவாக ஓடுங்கள், அடியைச் சின்னதாகவும் சுறுசுறுப்பாகவும் வையுங்கள். யாராவது முந்துவார்கள். எட்டாவது கிலோமீட்டரில் அவர்களில் பாதிப் பேரை மறுபடி பார்க்கலாம்.

அந்த 166 ஒரு சராசரிக் கணக்கு, அவ்வளவே. 2001-இல் வந்த இன்னொரு கணக்கு, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழிக்கச் சொல்கிறது. உங்களுக்கு 170 வரும். எதுவும் உங்கள் இதயத்தை அளந்து சொன்னதல்ல, ஒரே வயதுக்காரர்கள் இருவருக்குள் இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பதும் சாதாரணம். அதோடு நம் ஊர் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால், வேகம் மாறாமலே துடிப்பு ஏறிக்கொண்டு போகும், ஏனென்றால் இரத்தத்தில் ஒரு பங்கு உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போய்விடுகிறது, வியர்வையில் நீரும் குறைகிறது. வயதானால் தாகமும் தாமதமாகத்தான் தெரியும். தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் சைக்கிளிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், அதற்காக வயிறு குலுங்கக் குடிக்காதீர்கள். 172 என்ற எண்ணுக்காக மட்டும் பயம் வேண்டாம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 47 வயது. நீச்சல் தொடங்கியதும் எல்லாரும் பாய்கிறார்கள். நானும் பாய்ந்தால் 200 மீட்டரில் மூச்சு முட்டுகிறது. என்ன செய்வது?
– ஜெலுத்தோங் வாசகி

பதில்: பாயாதீர்கள் அக்கா. ஓரமாகப் பின்னால் நின்று, கூட்டம் போனபின் இறங்குங்கள். அதில் போவது சில வினாடிகள்தான். நம் கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் தண்ணீருக்குள்ளேயே வியர்க்கும், தெரியாது. ஆரம்பத்திலேயே சூடேறினால் சைக்கிளில் அதை இறக்குவது பெரும்பாடு. மாரத்தான் முடிவுகளில் பெண்கள் ஆண்களைவிடச் சீரான வேகத்தில் ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. அந்தக் குணத்தைக் கடலிலும் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. லங்காவி அயர்ன்மேன் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். தடுப்பதா?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், அப்புறம் முழு மாரத்தான். உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018-இல் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியை 85 வயதில் முடித்தார், 16 மணி 53 நிமிடத்தில். அனுமதி நேரம் 17 மணி. ஏழு நிமிடம்தான் மிச்சம் என்றால் எந்த இடத்திலும் வீம்புக்கு வேகம் காட்டியிருக்க முடியாது. அப்பா முதலில் டிரெட்மில் இ.சி.ஜி. (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்து மருத்துவரிடம் காட்டட்டும், இந்த வருடம் பாதித் தூரப் போட்டி ஒன்றை முடிக்கட்டும், கடுமையான பயிற்சிகளுக்கு நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விடட்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் நுழைவுக் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள்.