அமெரிக்க நகரங்கள் கேபிள் நிறுவனங்களோடு ஏன் மல்லுக்கட்டுகின்றன?

கேள்வி: அமெரிக்காவில் நகர நிர்வாகங்கள் கேபிள் டிவி நிறுவனங்கள் மீது வழக்குப் போடுகின்றனவாமே? தனியார் நிறுவனம் எந்தத் தெருவில் கேபிள் இழுத்தால் நகரத்துக்கு என்ன?

பதில்: தெரு நகரத்துடையது, அதனால்தான். தெருவைத் தோண்டி, கம்பத்தில் கம்பி கட்டி, வருடக்கணக்கில் சம்பாதிக்கப் போகிற நிறுவனம் முதலில் நகரத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். அதைத்தான் ஃபிரான்சைஸ் என்கிறார்கள். கேபிள் டிவி வருமானத்தில் 5 சதவீதம் வரை நகரம் கட்டணமாக வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர் மக்களுக்கென்று சில சேனல்களும் கேட்கலாம். இவற்றைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: வசதியான பேட்டைகளோடு நின்றுவிடாமல், குறித்த தேதிக்குள் ஊர் முழுக்க வர வேண்டும். பெரிய சண்டை இங்கேதான் வரும்.

நியூயார்க் நகரமும் வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனமும் மோதிய கதையைச் சொன்னால் விஷயம் புரியும். 2008-ல் இரு தரப்பும் 12 ஆண்டு ஒப்பந்தம் போட்டன. 2014 ஜூன் 30-க்குள் நகரத்தின் எல்லா வீடுகளையும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி, ‘கடந்து’ போயிருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆங்கிலத்தில் ‘பாஸ்டு’ என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்தான் அத்தனை வம்புக்கும் காரணம்.

நான் சில வருடங்கள் ஃபைபர் வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போட்டவன். ‘ஹோம்ஸ் பாஸ்டு’ என்ற கட்டத்தில் எண்ணை நிரப்புவது எங்களுக்கு அன்றாட வேலை. வரைபடத்தில் தெருவோரமாக ஒரு கோடு ஓடும். அதை ஒட்டிய வீடுகளை எண்ணி எழுதுவோம். ஆனால் நாலாவது மாடியில் குடியிருப்பவருக்கு இணைப்பு போக வேண்டுமென்றால், தெருவில் இருக்கிற மேன்ஹோலிலிருந்து கட்டடத்தின் அடித்தளம் வரை குழாய் வேண்டும். அந்த அடித்தளக் கதவை யாராவது திறந்துவிட வேண்டும். அங்கிருந்து மாடி மாடியாகக் கம்பி ஏற வேண்டும். அப்புறம் வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்ட வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்கு இணைப்பு கிடையாது. கட்டத்தில் மட்டும் எண் ஏறியிருக்கும்.

வெரைசன் சொன்னது இதுதான்: பழைய தொலைபேசிக் கம்பி போன வழியில், அக்கம்பக்கக் கட்டடங்கள் வழியாகவும் இணைப்பு கொடுக்கலாம், ஆகவே ஒவ்வொரு கட்டடத்தின் வாசலுக்கும் ஃபைபர் வர வேண்டியதில்லை. நகரம் இதை ஏற்கவில்லை. கட்டடத்தின் முன்னாலோ பின்னாலோ ஃபைபர் வந்திருந்தால்தான் கடந்ததாகக் கணக்கு என்றது. 2015 ஜூனில் வந்த நகரத்தின் தணிக்கை அறிக்கை, நிறுவனம் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. 2017 மார்ச்சில் வழக்கு.

கட்டட உரிமையாளர்கள் உள்ளே விடவில்லை என்பது நிறுவனத்தின் இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது, பூட்டிய கதவோடு நானும் போராடியிருக்கிறேன். ஆனால் கேபிள் போடுவதை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலத்தில் சட்டமே உண்டு. மறுத்தால் மாநிலப் பொதுச்சேவை ஆணையத்திடம் போய் உத்தரவு வாங்கலாம். அந்த வழி இருக்கும்போது உரிமையாளரைக் கைகாட்டி ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நகரத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ‘கடந்து’ என்றால் என்னவென்று 2008-லேயே ஒரு பத்தியில், முடிந்தால் ஒரு படத்தோடு, எழுதி வைத்திருக்க வேண்டாமா?

இதே மாநிலத்தில் சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்தின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2016-ல் டைம் வார்னர் கேபிள் என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்க அனுமதி கிடைத்தபோது, இணைய வசதி இல்லாத அல்லது குறைந்த 1,45,000 வீடுகளுக்கு வலையமைப்பை நீட்டுவதாக ஒப்புக்கொண்டது. ஏற்கெனவே வலையமைப்பு இருக்கிற நியூயார்க் நகர முகவரிகளையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று சொல்லி, 2018 ஜூலையில் ஆணையம் அனுமதியையே ரத்து செய்தது. அடுத்த வருடம் சமரசமானது. அங்கேயும் தகராறு எதை எண்ணுவது என்பதில்தான்.

சரி, வெரைசன் வழக்கு எப்படி முடிந்தது? 2020 நவம்பரில் உடன்பாடு. 2023 ஜூலைக்குள் கூடுதலாக 5 லட்சம் வீடுகளுக்கு ஃபைபர், அதில் குறைந்தது 1,25,000 வீடுகள் இணைய வசதி மிகவும் குறைந்த பகுதிகளில். உடன்பாடு போட்ட 2020, கொரோனாவில் பள்ளிகள் மூடி, பிள்ளைகள் அம்மாவின் செல்போனில் பாடம் படித்த வருடம். முதல் கெடு முடிந்த 2014-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இரண்டாவது கெடு முடியும்போது பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும்.