ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து இந்த ஏப்ரலில் முடித்தேன். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா போர்டு எழுதுபவர், ஓவியர் கிடையாது. வீட்டில் கலையைப் பற்றிப் பேச யாரும் இல்லை. ஆடி முடிந்ததும் சென்னைக்கு வரலாம் என்றிருக்கிறேன். கூடப் படித்தவர்கள் சிலர் பெங்களூருதான் நல்லது, அங்கேதான் படம் விற்கும் என்கிறார்கள். சென்னை என்றால் எங்கே தங்குவது, கேலரிகளை எப்படி அணுகுவது, இன்ஸ்டாகிராமில் தினமும் படம் போட வேண்டுமா என்று ஒரே குழப்பம். ஒன்றில் மட்டும் தெளிவாக இருக்கிறேன். டியூஷன் எடுப்பது, கல்யாண மேடை அலங்காரம், சுவரில் படம் வரைவது போன்ற வேலைகளில் இறங்கி என் கலையைச் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். உங்கள் கருத்தை எழுதினால் மகிழ்வேன்.

க.

அன்புள்ள க,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகம் பார்த்துக்கொண்டு நடந்தேன். பக்கத்துச் சந்தில் ஒரு கடையின் பழைய தகர போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மஞ்சள் தரையில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் கறுப்பு நிழல். அந்த இடத்தில் எல்.இ.டி. பலகை ஏறிக்கொண்டிருந்தது. கீழே கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் நீங்கள் கேட்டவை. பெங்களூரா சென்னையா என்றால், தெரிந்த நான்கு பேர் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊர். தங்குவதற்கு, அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஆதம்பாக்கத்தில் இருக்கின்றன. வேலைக்குப் போகும் பெண்களுக்கானவை, விசாரியுங்கள். இன்ஸ்டாகிராமில் போடத் தோன்றினால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கேலரி பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஒரே மனதிலிருந்து வந்தவை என்று பார்த்ததும் தெரிகிற இருபது படங்கள் கையில் சேரட்டும், அப்புறம் பேசலாம். அதுவரை கிரீம்ஸ் சாலையில் இருக்கிற லலித் கலா அகாதமிக்கு அடிக்கடி போய் வாருங்கள். அங்கே ஓவியம், சிற்பம், அச்சோவியம், மண்பாண்டம் எல்லாவற்றுக்கும் பட்டறை உண்டு. உங்கள் வயதுக்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பது பத்து கண்காட்சி பார்ப்பதைவிட நல்லது.

சரி. இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். "அப்பா போர்டு எழுதுபவர், ஓவியர் கிடையாது."

இதை நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தெரிகிறது. ஒரு தகவலைப் போலத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு வலித்தது. உங்களுக்கு முதன்முதலில் பிரஷ்ஷைப் பிடிக்கக் காட்டியது யார்? எனாமலும் டர்பன்டைனும் கலந்த வாசனையை எந்த வயதில் முகர்ந்தீர்கள்? மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த பெண்பிள்ளை, படம் வரையப் போகிறேன் என்று சொன்னபோது, அந்த வீட்டில் யாரும் விழுந்து புரண்டு அழாமல் கும்பகோணத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தீர்களா? வண்ணத்தால் சோறு சாப்பிட முடியும் என்று அந்த வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். காட்டிக்கொடுத்தவர் உங்கள் அப்பா.

நான் அறந்தாங்கிக்காரன். ஓவியனாக வேண்டும் என்றுதான் 1992-ல் சென்னைக்கு வந்தேன், எழுத்து பின்னால் வந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். ஒரே அறையில் நான்கு பேர், தலைக்கு 225 ரூபாய் வாடகை. கொண்டுவந்த காசு இரண்டு மாதத்தில் தீர்ந்தது. ராயப்பேட்டையில் போர்டு எழுதும் கடை ஒன்றில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு ஏணி, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அங்கே இருந்த மாஸ்டருக்கு அப்போது அறுபது வயது இருக்கும்.

முதல் ஒரு மாதம் என்னை எழுத விடவில்லை. தகரத்தைத் தேய்க்க வேண்டும், தரை வண்ணம் இரண்டு கை அடிக்க வேண்டும், காய்ந்த பிறகு நூலைச் சாக்பீஸ் தூளில் புரட்டி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்ட வேண்டும். நேர்கோடு விழும். கோட்டுக்குள் எழுத்து. எனக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் கரிக்கோலில் முகங்கள் வரைகிறவன், எழுத்து எழுதுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் ஒரு மளிகைக் கடைப் பெயரை எழுதச் சொன்னார். எழுத்துகளுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டு, ஸ்கேல் வைத்து அளந்து எழுதினேன். கீழே இறங்கிப் பார்த்தால் பெயர் மூன்று துண்டாக உடைந்து நிற்கிறது. 'ண' அகலம், 'ர' ஒல்லி, 'ப'வுக்குத் தலை திறந்திருக்கிறது, 'ட'வுக்கு வலது பக்கம் முழுவதும் வெட்டவெளி. ஸ்கேலுக்குச் சமமாக இருப்பது கண்ணுக்குச் சமமாக இருக்காது. மாஸ்டர் துணியால் மொத்தத்தையும் துடைத்துவிட்டு, "எழுத்தப் பாக்காத, நடுவுல கெடக்குற மஞ்சளப் பாரு" என்றார்.

உருவத்துக்கும் வெளிக்கும் உள்ள உறவு என்று உங்கள் கல்லூரியில் இதைத்தான் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்குத் தகரத்தில் கிடைத்தது. இன்றைக்கும் ஒரு பத்தி எழுதி முடித்ததும் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று பார்க்கிறேனே, அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்தது.

மாஸ்டர் 'லை'யைப் பழைய முறையில்தான் எழுதுவார், யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்து. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து அந்த வடிவம் போய்விட்டது. கடைக்காரர்கள் சிலர் மாற்றச் சொல்வார்கள், மாற்றிக்கொடுப்பார். சொல்லாதவர்களுக்குத் தும்பிக்கைதான். இரண்டு எழுத்து அகலத்தில் பரப்ப வேண்டியதை ஒரே சுழிப்பில் முடிக்கலாம், போர்டில் இடம் மிச்சம் என்பது அவர் கணக்கு. அந்தச் சுழிப்பை எழுதும்போது பிரஷ்ஷை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே போவார். வண்ணம் தீராமல், கோடு தடிக்காமல், ஒரே மூச்சில். நான் இரண்டு வருடம் முயன்றும் அது எனக்கு வரவில்லை.

இப்போது சொல்லப்போவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. ஊரில் நான் விளம்பரக் கம்பெனியில் ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லியிருந்தேன். மேன்ஷனிலும் அதையே சொன்னேன். ஒருநாள் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு கடை முகப்பில் ஏணி மேல் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். கீழே என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். கல்லூரி நண்பன். சட்டை முழுக்கச் சிவப்பு வண்ணத்தோடு இறங்கினேன். "என்னடா இது?" என்றான். "கம்பெனி வேலைதான், ஆளுங்க சரியா எழுதல, நானே ஏறி காட்டிக்கிட்டிருந்தேன்" என்றேன். "ஆளுங்க" என்று சொன்னபோது, எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் மாஸ்டர். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நண்பன் போகும்வரை ஏணியை விடவில்லை.

சாயங்காலம் கூலி கொடுக்கும்போது, "ஊர்ல என்னான்னு சொல்லி வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. மறுநாள் எப்போதும்போல எனக்கும் சேர்த்துத்தான் டீ வாங்கிவரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்க நினைத்தபோது ஃபிளெக்ஸ் வந்திருந்தது, கொட்டகை இருந்த இடத்தில் வேறு கடை இருந்தது, அவர் எங்கே போனார் என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த நாட்களில் இரவு சாப்பிட்டதும் கடற்கரைக்கு நடப்பேன். உழைப்பாளர் சிலையைத் தாண்டித்தான் மணலுக்குப் போக வேண்டும். பாறையைப் புரட்டுகிற நான்கு பேர். வைத்தது 1959-ல், செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. எழும்பூர்ப் பக்கம் இருக்கிற ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர். அந்த நால்வரின் முதுகுத் தசையை அப்படிச் செய்ய, உடல் உழைப்பை அவர் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! நான் பகலில் ஓர் உழைப்பாளியை "ஆளுங்க" என்று சொல்லிவிட்டு இரவில் அந்தச் சிலையை அண்ணாந்து பார்த்து ரசித்திருக்கிறேன்.

அந்தக் கல்லூரி 1850-ல் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. ரொம்ப காலம் அதன் பெயரிலேயே கைத்தொழில் இருந்தது. பானை, மரவேலை, உலோக வேலை எல்லாம் ஓவியத்தோடு ஒரே வளாகத்தில் நடந்தன. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? ஜமீன்தார் யாரும் தானம் கொடுக்கவில்லை. ஓவியர்களும் சிற்பிகளும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். மெழுகைக் காய்ச்சித் துணியில் கோலம் போட்டு, சாயத்தில் முக்கி, காயவைத்து விற்ற காசு அது. மீதி நேரத்தில் தங்கள் ஓவியத்தை வரைந்தார்கள். இதைச் சமரசம் என்பீர்களா? ஓவியர் ரெட்டப்ப நாயுடு நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவமைப்பு வேலை பார்த்தவர். நம் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து வந்த ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பு எழுதினார். எழுத்துதான் எழுதினார், க. உங்கள் அப்பாவைப் போல. தமிழ் எழுத்தை ஓர் ஓவியனின் கை எழுதினால் எப்படி நிற்கும் என்று ஒரு தலைமுறை வாசகர்கள் அவர் அட்டைகளில்தான் பார்த்தார்கள். பணிக்கரே 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில், கித்தான் முழுக்க எழுத்துப் போலத் தோன்றும் கிறுக்கல்களும் ஜாதகக் கட்டங்களும்தானே?

அப்புறம், சுவரில் வரைவது சமரசம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு எனக்குக் கோபமே வந்தது. தஞ்சாவூர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து சோழர் ஓவியங்களை 1931-ல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அவை எதன் மேல் வரையப்பட்டவை? எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தாமரைக்குளம் ஓவியம் துணியிலா இருக்கிறது, மேற்கூரைப் பாறையில்தானே? அதை வரைந்தவர் கூலி வாங்காமலா வரைந்திருப்பார்? 2020-ல் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு பெரிய முகங்களை வரைந்தார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த உயரத்தில் ஒரு மூக்கின் அளவு தவறாமல் வரைய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், கட்டம் போட்டுப் பெரிதாக்குவதை அவர் சொல்லிக்கொடுப்பார்.

எல்லா வேலையையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. காசு பேசாமல் எதையும் வரையாதீர்கள். ஒரு பதிப்பகத்துக்கு ஆறு அட்டைகள் வரைந்துவிட்டு நடையாக நடந்தவன் நான், ஒன்றுக்கும் பணம் வரவில்லை. இரவு பதினோரு மணிவரை உறிஞ்சி எடுக்கிற வேலை என்றால் ஒரு மாதத்தில் விட்டுவிடுங்கள். வயிற்றுக்குச் செய்யும் வேலை முடிந்ததும் கையில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் படத்துக்கு அந்தத் தெம்புதான் முதலீடு. குழந்தைகளுக்குச் சனி, ஞாயிறு டியூஷன் எடுப்பதில் அது நிறையவே மிஞ்சும்.

இரவு ரயிலில் வந்தால் விடியற்காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம். அறை தேடும் அலைச்சலுக்கு நடுவே ஒருநாள் ஒதுக்கி, பக்கத்திலேயே இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். வார்த்த ஸ்தபதி பெயர் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மகளோ மகனோ ஊரில் அவரை என்னவென்று சொன்னார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா எழுதியதில் இன்னும் கழற்றாமல் இருக்கிற பழைய போர்டு ஒன்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 'லை' வருகிற பெயராக இருந்தால் நல்லது. அவர் அதை எப்படி எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்.