டீலர் டூர், பாங்காக், ஏற்காடு லாட்ஜ்: கேட்டதும் சொன்னதும்

டூர் சீசன் வந்தால் வக்கீலான எனக்கு வரும் கேள்விகளே வேறு மாதிரி ஆகிவிடும். அதில் நாலு மட்டும் இங்கே. கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

கோபி பக்கம், சிமென்ட் டீலர்: டார்கெட் முடித்ததற்காக கம்பெனி செலவில் பாங்காக், பட்டாயா டூர். கூட வரும் ஏஜென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ‘நைட் ப்ரோக்ராம்’ என்று தலைக்குத் தனியாக வசூல் பண்ணுகிறார். அங்கே இதெல்லாம் சட்டப்படி சரிதான் என்கிறார்கள். நிஜமாங்க?

இல்லைங்க. பட்டாயாவில் கடை பரப்பி வைத்திருக்கிறார்களே தவிர, தாய்லாந்தின் 1996 விபசாரத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்தான். கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, அனுமதி வேறு. அதைவிடப் பெரிய சிக்கல் வயசு. மங்கலான வெளிச்சத்தில் மேக்கப்போடு நிற்கிற பெண்ணுக்குப் பதினேழா இருபதா என்று உங்களுக்கும் தெரியாது, ஏஜென்டுக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 15-ஐத் தாண்டி 18-க்குள் இருந்தால் அந்தச் சட்டத்தில் 1 முதல் 3 ஆண்டு சிறை, அதற்கும் கீழே என்றால் 2 முதல் 6 ஆண்டு. கோயம்புத்தூரில் வந்து இறங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள்: இந்தியர் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும், 18-க்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் செல்லாது, அது பாலியல் வன்புணர்வு. கோர்ட்டில் விசாரணை நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், “மாப்ள, நீ வசூல் பண்ணி அனுப்பிடு” என்று யாராவது உங்கள் ஜிபேயைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிண்டல் பண்ணத்தான் செய்வார்கள், பண்ணட்டும்.

திருப்பூர், 29 வயது: வயசு வந்தவங்க, காசு கொடுக்கிறேன், அவங்களும் சம்மதிக்கிறாங்க. இதில் என்ன தப்பு?

சட்டம் பாதி தூரம் உங்களோடு வரும். 1956-ஆம் வருஷ விபசாரத் தடுப்புச் சட்டத்தில் விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அந்த வருமானத்தில் பிழைப்பது எல்லாம் குற்றம். விருப்பத்தோடு அந்தத் தொழிலில் இருக்கும் பெண்ணை ரெய்டில் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த குழு பரிந்துரைத்தது. ஆனால் கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் வாடிக்கையாளருக்கும் 3 மாதம் வரை சிறை உண்டு. நான் திருப்பிக் கேட்கிறேன்: நீங்கள் கொடுக்கும் பணத்தை எண்ணி வாங்குவது யார்? அவங்க ஆதார் யார் பீரோவில் இருக்கிறது? இன்றைக்கு முடியாது என்று சொன்னால் ராத்திரி சாப்பாடு கிடைக்குமா? கடத்தி வரப்பட்டவர் என்று ‘நம்பக் காரணம்’ இருந்தும் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 3 முதல் 7 ஆண்டு சிறை, நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வாசலில் ஒருத்தன் சாவியோடு உட்கார்ந்திருக்கும் வீட்டில் வேறென்ன காரணம் வேண்டும்?

ஏற்காடு, லாட்ஜ் மேனேஜர்: பெரியவர் ஒருவர், கூட பன்னிரண்டு பதிமூணு வயசுப் பையன். ‘சொந்தக்காரப் பையன்’ என்றார். பையன் வாயே திறக்கவில்லை. முதலாளி ‘நமக்கெதுக்கு வம்பு’ என்கிறார்.

வம்பு பேசாமல் இருப்பதில்தான் இருக்கிறது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் வந்தாலே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோ. நல்லெண்ணத்தில் சொன்னது தவறாகப் போனாலும் உங்கள் மேல் வழக்கு வராது. தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது 112 (அவசர உதவி எண்), உடனே. நீங்களே கதவைத் தட்டி விசாரிக்கப் போகாதீர்கள், ஆள் கிளம்பிவிடுவார். ரெஜிஸ்டர், அடையாள அட்டை நகல், சிசிடிவி பதிவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசுக்கு அனுப்ப வேண்டும், அதையும் பல காட்டேஜ்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். குழந்தையைச் சீரழிக்க டூரிஸ்ட் வருவதெல்லாம் கதை என்பவர்களுக்கு: கோவாவில் அனாதை விடுதி நடத்திய ஃப்ரெடி பீட்ஸ், அங்கிருந்த பையன்களை வெளிநாட்டு டூரிஸ்ட்டுகளுக்குக் கொடுத்ததாக 1991-ல் பிடிபட்டார்.

ஈரோடு: ஊட்டிக்கு ‘கம்பானியன்’ என்று டெலிகிராமில் அட்வான்ஸ் கட்டினேன். இப்போது போலீஸ் என்று ஒருத்தன் மிரட்டிப் பணம் கேட்கிறான்.

போலீஸ் ஜிபேயில் அபராதம் வாங்காது. இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள். மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வக்கீலிடம் கேட்கும் கேள்வி இல்லைங்க.