பழைய பிளேடு உறைகளின் காலத்தைக் கணிப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: என்னிடமுள்ள ஜில்லெட் பிளேடு உறையில் "1904 நவம்பர் 15" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டிலேயே தயாரானது என்று சொல்லித்தான் விற்றார்கள். நம்பலாமா?

பதில்: அது நிறுவனர் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்ட நாளே தவிர, உறை அச்சான நாள் அன்று. பல ஆண்டுகள் அதே நாளைத் தொடர்ந்து அச்சிட்டு வந்ததால், உறை அதற்கு முந்தியது அன்று என்பதை மட்டுமே அந்த வரி உறுதிப்படுத்தும். இதைக் காட்டி விலையை ஏற்றுவது பழம்பொருள் சந்தையில் வெகுநாளாக நடக்கும் வித்தை. உறையில் காணும் செய்திகளுள் காலத்தால் மிகப் பிந்தியது எதுவோ, அதிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். அந்தக் காப்புரிமை 17 ஆண்டுகள் கழித்து 1921 நவம்பரில் காலாவதியான பிறகுதான், ஜில்லெட் பிளேடில் உள்ளது போன்ற மூன்று வட்டத் துளைகளோடு பிறர் செய்த பிளேடுகள் தாராளமாகப் புழங்கின. ஆகவே, பெயர் அறியாத ஒரு நிறுவனத்தின் மூன்று துளை பிளேடு கிடைத்தால், அதை 1920-களுக்கு முன்னே கொண்டுபோகத் தயங்குங்கள்.

கேள்வி: மீசை வைத்தவரின் படமும் கையெழுத்தும் உள்ள ஜில்லெட் உறைகள் எல்லாம் அவர் உயிரோடு இருந்த காலத்தவைதாமா?

பதில்: அல்ல. படத்தில் இருக்கும் கிங் கேம்ப் ஜில்லெட் 1932 ஜூலையில் காலமானார். படமோ அதன் பிறகும் உறைகளில் தொடர்ந்தது. படத்தைவிட உள்ளே இருக்கும் பிளேடு நம்பகமான சாட்சி. ஹென்றி கெய்ஸ்மனின் ஆட்டோஸ்ட்ராப் சவரக்கத்தி நிறுவனத்தோடு இணைந்த அதே 1930-இல், ஜில்லெட் நடுவில் நீளமான திறப்புள்ள புதிய பிளேடைக் கொண்டுவந்தது. நீல நிற அரக்குப் பூச்சுடைய 'புளூ பிளேடு' 1932-இல் வந்தது. எனவே நீண்ட திறப்புள்ள ஜில்லெட் பிளேடு இருந்தால் 1930-க்கு முன் போக வேண்டியதில்லை. நீலப் பூச்சும் இருந்தால் 1932-க்கு முன் போக முடியாது. ஆனால், இதைப் பார்ப்பதற்காக ஒட்டுப் பிரியாத உறையைப் பிரித்துவிடாதீர்கள். பிரிக்காத உறைக்குத்தான் மதிப்பு. ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறேன்: புளூ பிளேடு ஏராளமாகத் தயாரிக்கப்பட்டதால், சாதாரண உறை ஒன்றுக்குப் பெரிய விலை கிடைக்காது.

கேள்வி: ஜெர்மன் உறைகளில் எதைப் பார்க்க வேண்டும்? என்னிடம் 'ஓலிக்ஸ்' என்ற ஊர்ப்பெயருள்ள உறை ஒன்று இருக்கிறது.

பதில்: ஜெர்மன் உறைகளில் முகவரியே பாதி வேலையை முடித்துவிடும். ஓலிக்ஸ், வால்ட், ஹோஷைட், கிரெஃப்ராட் ஆகியவை தனி நகரங்களாக இருந்து, 1929 ஆகஸ்ட் 1 அன்று, பிளேடுத் தொழிலுக்குப் பேர்போன சோலிங்கன் நகரத்தோடு இணைக்கப்பட்டன. 'சோலிங்கனுக்கு அருகில் ஓலிக்ஸ்' என்ற தொனியில் முகவரி இருந்தால், அது இணைப்புக்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; பழைய அச்சுக்கட்டையைச் சில காலம் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஊர்ப்பெயருக்கு முன் 5650 என்ற நான்கு இலக்க அஞ்சல் எண் நின்றால் அது 1960-களின் தொடக்கத்துக்குப் பிந்தியது. ஐந்து இலக்கமானால் 1993-க்குப் பிந்தியது. 'டி.ஆர்.பி.' என்ற எழுத்துகள் பேரரசுக் காலத்திலிருந்து 1945 வரை வழங்கிய காப்புரிமையைக் குறிப்பவை, 'டி.பி.பி.' என்பது போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனியின் காப்புரிமை. 'மேற்கு ஜெர்மனி' என்று நாட்டின் பெயரே இருந்தால், 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது.

கேள்வி: இங்கிலாந்து, ஜப்பான் உறைகளுக்கும் இப்படி ஏதேனும் தடயம் உண்டா?

பதில்: உண்டு. லண்டனின் ஐசில்வர்த் பகுதியிலுள்ள கிரேட் வெஸ்ட் ரோடு முகவரி கொண்ட ஜில்லெட் உறை, அங்கே தொழிற்சாலை திறந்த 1937-க்கு முந்தியதாக இராது. ஜப்பானிய உறையில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று கண்டால், நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு முடிந்த 1952-க்கு முந்தியது என்று கொள்ளலாம்.

கேள்வி: என் தாத்தாவின் பெட்டியிலிருந்த இந்திய உறையில் விலை 'நயா பைசா'வில் இருக்கிறது.

பதில்: இந்திய உறைகளில் இதைவிடத் துல்லியமான சாட்சி அரிது. தசம நாணய முறை 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. 1964 ஜூனில் 'நயா' என்ற அடைமொழி நீங்கி வெறும் 'பைசா' ஆனது. உங்கள் உறை பெரும்பாலும் அந்த ஏழாண்டுக்குள் அடங்கும். விலை அணாவில் இருந்தால் அதற்கும் முந்தியது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

கேள்வி: புதிதாக அச்சிட்டுப் பழையது போல் விற்கும் உறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள். தாளுக்கு வெண்மை கூட்டும் ஒளிர்வேதிப்பொருள்கள் ஏறத்தாழ 1950-க்குப் பிறகே தாள் ஆலைகளில் பரவின. ஆகவே 1930-களின் உறை என்று சொல்லப்படுவது நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் உடனே சந்தேகியுங்கள். மங்கலாக இருந்தால் மட்டும் உண்மையானது என்று பொருளல்ல, பழைய தாளில் அச்சிடுவோரும் உண்டு. பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்க்கும்போது, ஒரே வண்ணமாகத் தெரிந்த பரப்பு பல நிறப் புள்ளிகளாகச் சிதறினால், அது பெரும்பாலும் கணினி அச்சு. தனித்தனி மையில் அச்சான பழைய உறையில் அந்தப் பரப்பு முழுமையாக நிரம்பியிருக்கும்.

கேள்வி: உள்ளே பிளேடு துருப்பிடித்து, உறையில் செம்பழுப்புக் கறை தெரிகிறது. துடைக்கலாமா?

பதில்: ஈரத்துணி வேண்டாம், மை கரையும், துருவும் பரவும். உறை ஏற்கெனவே திறந்திருந்தால் பிளேடை இடுக்கியால் எடுத்துத் தனியே வையுங்கள். உறையை பிவிசி அல்லாத பாலியெஸ்டர் உறைக்குள் இட்டு, ஈரப்பதம் படாத பெட்டியில் வைத்தால் போதும்.